இஸ்திரிப் பெட்டியும் விராலும்

போனில் நான் ‘பிஸ்டல்’ என்றதும் நீங்கள் கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டீர்கள் அக்கா. பார்த்தேன். பயப்படாதீர்கள். இந்தப் பையில் ஒரு சுடிதாரும் தண்ணீர் பாட்டிலும்தான் இருக்கின்றன. பிஸ்டல் பாளையங்கோட்டையில் கிளப் லாக்கரில் பூட்டிக் கிடக்கிறது. அதையெல்லாம் இப்படி பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வர முடியாது. அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. நான் சட்டம் படிக்கிறவள், கடைசி வருஷம். பெயர் மங்கை. நீங்கள் சாத்தான்குளமா? சடங்கு வீடா? நல்லது. நான் நாசரேத்தில் இறங்கிவிடுவேன். அதுவரைக்கும் ஒரு நியாயம் கேட்கவேண்டும், கேட்கலாமா?

பொம்பளைப் பிள்ளைக்குத் துப்பாக்கி எதற்கு என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு முதல் வருஷத்திலேயே எல்லாருக்கும் பதில் சொல்லி முடித்துவிட்டேன். எங்கள் பெரியப்பா இன்னும் என்னோடு பேசுவதில்லை. அந்த அளவுக்கு பதில் சொல்லியிருக்கிறேன்.

விஷயம் இதுதான். பல்கலைக்கழக டீம் என்றால் மூன்று பேர். நான், ஹஸீனா, பியூலா. மூன்று பெயரும் இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்தால்தான் தென்மண்டலப் போட்டியில் நிற்க முடியும். இரண்டு பெயர் மட்டும் போனால் டீமே இல்லை. எனக்கு இது கடைசி வருஷம், அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது. இந்த நேரம் பார்த்து பியூலா ‘வரல’ என்று ஒரு வார்த்தை அனுப்பிவிட்டு போனை எடுக்காமல் இருக்கிறாள். காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லாமல் ஒருத்தி எப்படி வரமாட்டேன் என்று சொல்லலாம்? அதுதான் நேரில் போகிறேன். மூக்குப்பீரியில் வீடு, அப்பா நாசரேத் கடைத்தெருவில் டெய்லர். இப்போது நான் பேசினேனே, அது அவளுடைய அப்பாவோடுதான். “பிஸ்டல் விஷயமா அவகிட்ட பேசணும் அங்கிள்” என்றேன். “வீட்லதாம்மா இருக்கா, வா, சாப்பிட்டுப் போகலாம்” என்கிறார். சாப்பாடா இப்போது பிரச்சினை?

முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் கிளப்புக்குப் பெண்கள் சுட ஒரு பாயிண்ட் டூ டூ பிஸ்டல் வாங்குவதாக முடிவானது. அதில் போடுவது சின்ன ரவை அக்கா, உங்கள் சுண்டுவிரலில் நுனிக் கணு அளவுதான். பெரிய துப்பாக்கியில் ரவையின் முதுகில் நடுவில் ஊசி குத்தும், இதில் விளிம்பில் குத்தும். மருந்தும் கொஞ்சம்தான், அதனால் சத்தமும் குறைவு, உதையும் குறைவு. குறி பார்த்துச் சுடுகிற போட்டிக்கென்றே செய்தது. இந்த விளையாட்டை விட்டுவிட்ட இரண்டு பேர் ஆளுக்கொன்று விற்கத் தயாராக இருந்தார்கள். ஒன்று ஜெர்மனியில் செய்தது, ஒன்று இத்தாலியில் செய்தது. ஒரு மாசம் இரண்டையும் சுட்டுப் பார்த்துவிட்டு எது வேண்டுமென்று நாங்களே சொல்லவேண்டும். செக்ரட்டரி டாக்டர் குற்றாலநாதன், பல் டாக்டர், மூன்றே விஷயம்தான் கேட்டார். “பார்க்க எப்படி, பிடிக்க எப்படி, வேலை எப்படி. இதுக்கு மேல கதை வேண்டாம்.”

ஜெர்மன் பிஸ்டல் எப்படி இருக்கும் என்றால், சதுரமாக, கட்டையாக, கறுப்பாக, மூக்கில் கனமாக. ஹஸீனா பார்த்ததுமே “இது என்னட்டி, இஸ்திரிப் பெட்டி மாதிரி” என்றாள். அந்தப் பெயரே நின்றுவிட்டது. இத்தாலி பிஸ்டல் மெலிசு. குழல் தாழ்ந்து, கையோடு ஒட்டி இருக்கும். கருநீலத்தில் ஒரு பளபளப்பு. வெளிச்சத்தில் லேசாகச் சாய்த்தால் அந்த நீலம் குழல் நெடுக வழுக்கிக்கொண்டு ஓடும், நின்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதற்கு ‘விரால்’ என்று பெயர் வைத்தது பியூலா. நல்ல பெயர், அதை நான் மறுக்கவில்லை.

முதல் நாள் விராலைக் கையில் வாங்கி, காலிக் குழலோடு இரண்டு தடவை தூக்கிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “இதுதான்க்கா. கைக்குள்ள தூங்குது.”

தூங்குதாம். ஒரு பிஸ்டல் எப்படித் தூங்கும் அக்கா? நான் கேட்டேன். “தூங்குதுன்னா என்னட்டி? எடையா? சாய்வா? விசையா? எது?” அவள் சிரித்துக்கொண்டு “தெரியலக்கா, நல்லாருக்கு” என்றாள். அவ்வளவுதான். இத்தனைக்கும் பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் படிக்கிறவள்.

நான் அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், இஸ்திரிப் பெட்டிக்கு ஒரு ஆள் பேசியாக வேண்டும். இல்லையென்றால் அது ஒருதலைப்பட்சம். இரண்டு பொருள் எதிரெதிரே இருக்கும்போது ஒன்றைப் பற்றி மட்டும் பேசிவிட்டு எழுந்து போவது எந்த ஊர் நியாயம்? ஹஸீனாவைக் கேட்டால் “எதுன்னாலும் ஓகேதான், எனக்கு லஞ்ச் எப்போ” என்பாள். ஆக மிஞ்சியது நான்தான்.

ஒரு மாசம் நான் உழைத்த உழைப்பு உங்களுக்குத் தெரியாது. பார்க்க எப்படி? அழகு என்பது குறி பார்க்கும்போது கண்ணுக்கே தெரியாத விஷயம். சுடுகிறவள் பார்ப்பது பின்னால் ஒரு பள்ளம், முன்னால் ஒரு முனை, அவ்வளவுதான். பளபளப்பு உண்மையில் தொல்லை, வெயிலில் கண்ணில் அடிக்கும். ஆகவே அழகு விராலுக்கு எதிரான சாட்சி. இது என் முதல் வாதம். நன்றாக இல்லையா?

பிடிக்க எப்படி? பிடி என்பது மரம். மரத்தைச் சீவலாம், அடைக்கலாம். டாக்டரே பல் அளவெடுக்கிற மாவைக் குழைத்து யார் கைக்கு வேண்டுமானாலும் பள்ளம் மேடு சரிபண்ணிக் கொடுப்பார். கிளப்பில் பாதிப் பிடிகள் ரோஸ் கலரில்தான் இருக்கும், பல் செட்டு மாதிரி. ஆகவே ‘கைக்குள் தூங்குவது’ ஒரு தகுதியே அல்ல, எதை வேண்டுமானாலும் தூங்கவைக்கலாம். இது இரண்டாவது.

இதற்கு பியூலா ஒன்று சொன்னாள், இல்லை என்று சொல்லமாட்டேன். “பிடியை மாத்தலாம்க்கா. மூக்குக் கனத்தை எப்படி மாத்துறது?” எங்கள் போட்டியில் பாதி நிதானமாகச் சுடுவது. மீதிப் பாதியில் கையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு நிற்கவேண்டும். பச்சை விளக்கு எரிந்ததும் தூக்கி, மூன்று விநாடிக்குள் ஒரே ஒரு ரவை. மறுபடி தாழ்த்து, மறுபடி தூக்கு. ஒற்றைக் கையால்தான். விராலைத் தூக்கினால் முனை தானாகவே பள்ளத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கை மேலே போகும்போதே அது வந்துவிட்டதென்று தோளுக்குத் தெரியும். இஸ்திரிப் பெட்டியை நாம்தான் கொண்டுபோய் நிறுத்தவேண்டும். பியூலாவுக்கு வளையல் கடையில் சின்னப் பிள்ளைகள் சைஸ்தான் வாங்கவேண்டும், அப்படி ஒரு மணிக்கட்டு. நான் சொன்னேன், “ரெண்டு கிலோ டம்பெல் வாங்கி வீட்ல தூக்கு. ஆளைத்தான் சரிபண்ணணும், பொருளைக் குத்தம் சொல்லக் கூடாது.” இதில் என்ன தப்பு?

ஸ்கோரா? ஸ்கோர் எல்லாருக்கும் விராலில்தான் கூட வந்தது. எனக்குமா? எனக்கும்தான். ஆனால் நான் விராலைச் சுட்ட நாளெல்லாம் நன்றாகத் தூங்கி எழுந்த நாள். காற்றில்லாத நாள். அதையெல்லாம் கழிக்கவேண்டாமா? ஸ்கோர் என்பது சூழ்நிலை அக்கா. வாதம் என்பது வேறு.

மூன்றாவதுதான் முக்கியம், வேலை எப்படி. விராலுக்கு நாக்கு நீளம். நல்ல ரவையாகப் போட்டால்தான் ஓடும். மட்டமான ரவை என்றால் அப்படியே வாயில் கவ்விக்கொண்டு நின்றுவிடும். இஸ்திரிப் பெட்டி எதைப் போட்டாலும் தின்னும். நம் கிளப்புக்கு எல்லா நாளும் நல்ல ரவை வருமா? வராது. ஆகவே கமிட்டி கூடுகிற அன்றைக்கு இதைக் கண்ணால் காட்டிவிடுவது என்று முடிவு பண்ணினேன். அலமாரியில் அடியில் ஒரு பழைய டப்பா கிடந்தது. மெழுகெல்லாம் காய்ந்து, ஈயம் வெளுத்துப் போன ரவை. அதை யாரும் சுடுவதில்லை. நான் அதை எடுத்துவைத்தேன்.

அப்படிப் பார்க்காதீர்கள். சோதனை என்றால் கடுமையாகத்தான் இருக்கவேண்டும். லேசான சோதனையில் ஜெயித்தால் அது ஜெயமா?

கமிட்டி என்றால் டாக்டரும் எங்கள் ஃபிசிக்கல் டைரக்டர் மேடமும். பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முதலில் நான் இஸ்திரிப் பெட்டியைச் சுட்டேன். அந்தப் பழைய டப்பாதான், அதில் நான் நேர்மை. அது டக் டக்கென்று ஓடிவிட்டது. அடுத்து பியூலா. டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பக்கத்தில் புது டப்பாவும் இருந்தது, அதையும் பார்த்தாள். பிறகு பழைய டப்பாவிலிருந்தே எடுத்து மேகஸினில் ஏற்றினாள்.

ஒரு ஆட்சேபம் சொல்லியிருக்கலாமில்லையா? ‘மேடம், இந்த ரவை வேண்டாம்’ என்று ஒரே ஒரு வாக்கியம். நான் அதற்கு பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். சொல்லவில்லை. சொல்லாதவள் ஒத்துக்கொண்டவள்தானே?

விரால் மூன்றாவது ரவையிலேயே கவ்விக்கொண்டது. எடுத்துவிட்டாள். மறுபடி கவ்வியது. மேடம் “அய்யய்யோ, போட்டியில இப்படி ஆனா” என்றார். டாக்டர் எட்டி அந்த ரவையை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் எழுந்து பேசினேன். அக்கா, நான் அன்றைக்குப் பேசிய மாதிரி என் வாழ்க்கையில் பேசியதில்லை. பார்க்க, பிடிக்க, வேலை என்று மூன்றையும் எடுத்து அடுக்கினேன். முடித்ததும் மேடம் பியூலாவைக் கேட்டார். “நீ என்னம்மா சொல்றே?”

அவள் விராலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “நல்லாருக்கு மேடம்” என்றாள்.

“எது நல்லாருக்கு?”

“அக்கா பேசினது.”

அவ்வளவுதான். இஸ்திரிப் பெட்டி கிளப்புக்கு வந்தது. விராலைக் கோயம்புத்தூர் ஆள் ஒருத்தர் வாங்கிக்கொண்டு போனார். அவர் அதை எடுத்துவைக்கும்போது நானும் போய்ப் பார்த்தேன். சும்மா, பார்ப்பதில் என்ன இருக்கிறது? அந்த ஆள் குழலை வெறும் கையால் தொட்டார், வியர்வைக் கை. எண்ணெய்த் துணியால் துடையுங்கள் சார், நீலம் போய்விடும் என்று நான் சொல்லவேண்டியதாகிவிட்டது. “உன் பிஸ்டலாம்மா?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

இதற்கப்புறம்தான் எல்லாம் கோணலாயிற்று. பியூலாவுக்கு நிதானச் சுற்றில் ஒன்றும் குறையவில்லை, அந்த மூன்று விநாடிச் சுற்றில் விழுந்துகொண்டே வந்தாள். ரவையெல்லாம் அட்டையில் கீழே கீழே இறங்கும். கை மேலே வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிடும். ஒருநாள் மணிக்கட்டில் கைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். “என்னட்டி இது?” என்றேன். “சும்மாக்கா, பிடிப்பு.” அவிழ்த்துப் பார்த்தால் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருக்கிறது. எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? “டம்பெல் தூக்கினியா இல்லையா?” என்று கேட்டேன். தூக்கினாளாம். தூக்கித்தான் வீங்கியதாம். அதையும் என் தலையில் போடுகிறாள் பாருங்கள். போடவில்லை, அவள் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் சொன்ன தொனி அதுதான்.

டாக்டர் ஒரு வாரம் ஓய்வு என்றார். ஒரு வாரம் இரண்டு வாரமாயிற்று. ‘செமஸ்டர்க்கா’ என்றாள். ‘ஆலயத்துல கொயர்க்கா’ என்றாள். ஹஸீனா என்னிடம் கேட்கிறாள், “அவட்ட நீ ஒருவார்த்தை சாரி கேட்டா என்ன?” எதற்கு சாரி? எதில் நான் தோற்றேன்? மூன்றிலும் நான் சொன்னதுதான் நின்றது. ஜெயித்தவள் சாரி கேட்கிற வழக்கம் எங்கே இருக்கிறது? ஹஸீனா “சரி தாயே, லஞ்ச் எப்போ” என்றாள்.

எனக்கும் இஸ்திரிப் பெட்டியில் ஸ்கோர் ஒன்றும் ஏறவில்லை. அது பழக்கம், போகப்போகச் சரியாகும். சில நாள் கையைத் தூக்கும்போது, முனை வந்து உட்காரவேண்டிய இடத்தில் உட்காராமல் கீழேயே தொங்கும். அப்போது எனக்கு எதன்மேலோ எரிச்சல் வரும். பியூலா மேல்தான், வேறு யார்மேல்?

இல்லை அக்கா, நீங்கள் சாப்பிடுங்கள். எனக்கு முறுக்கு வேண்டாம். சரி, ஒன்று.

ஆழ்வார்திருநகரி தாண்டிவிட்டோமா? அப்படியானால் இன்னும் கொஞ்ச தூரம்தான். வீட்டில் போய் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அவள் என்ன சொல்வாள் என்று எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறேன். வலிக்கிறது என்றால், மூன்று விநாடிச் சுற்றில் சுமாராகச் சுட்டாலே போதும், நிதானச் சுற்றில் அவளை யாராலும் தொட முடியாது. படிப்பு என்றால், விளையாட்டுக்கு வருகைப் பதிவில் சலுகை இருக்கிறது. அப்பா விடவில்லை என்றால்… இருங்கள், போன் அடிக்கிறது. அவள்தான். பியூலாதான். ஒரு நிமிஷம்.

… வைத்துவிட்டாள்.

கேட்டீர்களா? நான் பேசியது கேட்டிருக்கும், அவள் பேசியது கேட்டிருக்காது. சொல்கிறேன். “அக்கா, அப்பா சொன்னாங்க, நீங்க வாறீங்களாம்” என்றாள். ஆமாம் என்றேன். “அலையாதீங்கக்கா.” நான் ஆரம்பித்தேன். முதலில், இஸ்திரிப் பெட்டி ஒரு நல்ல பிஸ்டல் என்பதை நீ ஒத்துக்கொள்கிறாயா இல்லையா?

“ஒத்துக்கிடுதேன்க்கா.”

அழகு குறியில் சேராது?

“சேராதுக்கா.”

பிடி யார் கைக்கும் சரிபண்ணலாம்?

“பண்ணலாம்.”

அதில் ரவை சிக்குமா?

“சிக்காதுக்கா. நீங்க சொன்னது அத்தனையும் சரிதான். நான் யார்ட்டயும் இல்லன்னு சொல்லலையே.”

எனக்குத் தலையே சுற்றியது. அப்போ வா என்றேன். “வரலக்கா” என்றாள். ஏன் என்றேன். அவர்கள் வீட்டுத் தையல் மெஷின் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: “ஏன்னு சொன்னா அதுக்கும் நீங்க ஒரு பதில் வச்சிருப்பீங்க. அந்த பதிலும் சரியாத்தான் இருக்கும். எனக்கு வேண்டாம்க்கா.”

அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

இதற்கு என்ன பண்ணுவது, சொல்லுங்கள். எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னால் பிடித்துக்கொண்டு மேலே ஏறலாம். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்லிவிட்டு ஒருத்தி கதவைச் சாத்தினால் எங்கே தட்டுவது? இது அநியாயம் இல்லையா? ஒத்துக்கொண்டவள் வரவேண்டும். வராதவள் ஒத்துக்கொள்ளக் கூடாது. இரண்டில் ஒன்று.

என்ன கேட்டீர்கள்?

எனக்கா? எனக்கு எது பிடித்தது என்றா?

அதை யாருமே கேட்கவில்லையே அக்கா. டாக்டர் கேட்டது பார்க்க எப்படி, பிடிக்க எப்படி, வேலை எப்படி. அதில் அது இல்லை. விரால்தான், அதில் என்ன சந்தேகம்? முதல் நாளே, கையில் வாங்கின உடனேயே. அதைக் கீழே வைக்க மனசே வரவில்லை. அவள் தூங்குது என்றாளே, எனக்கு அப்படியும் தோன்றவில்லை, முழித்துக்கொண்டு நான் எப்போது தூக்குவேன் என்று காத்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. ஆனால் பியூலா முந்திக்கொண்டாளே. அவள் முதலில் சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் ஒரே பக்கம் போய் நின்றால் அப்புறம் அதில் வாதம் எங்கே இருக்கிறது?

முறுக்குப் பொட்டலத்தை ஏன் மடிக்கிறீர்கள்? ஏதாவது சொல்லுங்கள்.

இதையா? இதைப் போய் அவளிடம் சொல்வதா?

அது எப்படி அக்கா சொல்ல முடியும்? அது ஒரு வாதமே இல்லையே. அதை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது? ‘எனக்கும் அதுதான்டி பிடித்தது’ என்று அந்த வாசலில் நின்று சொன்னால், அவள் அப்போ ஏன்க்கா என்று கேட்பாள். கேட்பாளில்லையா? அதற்கு நான் என்ன சொல்வது? எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. அது ஒன்றுக்கு மட்டும்… இல்லை, அதற்கும் இருக்கும். யோசித்தால் வரும்.

கண்டக்டர் நாசரேத் நாசரேத் என்கிறார். கொஞ்சம் காலை ஒதுக்குங்கள் அக்கா, இறங்கவேண்டும். இறங்குகிறேன், இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்புவேனா? சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கிறது. இல்லை, நீங்கள் சொல்வதிலிருந்து ஆரம்பிக்க முடியாது. முதலில் வேலை எப்படி என்பதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், மூன்றில் அதில்தான் நான் பலமாக இருக்கிறேன்.